ஜெகனோட சார்ட்டுல 'வலிக்குது' இல்ல: உல்சூர் கேஸ் ஒண்ணு

இந்த கேஸ்ல வர்றவருக்கு 26 வயசு, பேரை ஜெகன்னு வெச்சுக்கலாம், நிஜப் பேரு அது இல்ல, வீட்டு விவரமும் அங்கங்க மாத்திதான் எழுதுறேன். டவுன் சிண்ட்ரோம் (பொறக்கும்போதே ஒரு குரோமோசோம் கூடுதலா இருக்கற நிலை), அறிவுசார் குறைபாடு மிதமான அளவு, அரசாங்கம் குடுக்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில, அதான் யுடிஐடி கார்டுல, 75 சதவீதம்னு போட்டிருக்கு. பெங்களூர்ல உல்சூர் பக்கம் காம்பவுண்டு வீடு, நாலு குடும்பத்துக்கு ஒரே வாசல். அம்மா சோமேஸ்வரர் கோயில் பக்கத்துல பூ கட்டி விக்கிறாங்க, அப்பா வேன் ஓட்டிட்டு இருந்தவரு இப்ப முட்டி வலியோட வீட்ல, அக்காவுக்கு ஆபீஸ் வேலை. வீட்டுக்குள்ள தமிழ், வாசல்ல கன்னடமும் தெலுங்கும், டிவில எல்லாமும்.

நாங்க ஸ்பீச் தெரபி பாக்கறவங்க, ஆனா எங்ககிட்ட அவங்க பேச்சு தெரபிக்குன்னு வரல. "கோவம் ஜாஸ்தி ஆயிடுச்சும்மா, தன்னையே கன்னத்துல அடிச்சிக்கிறான், தடுக்கப் போனா எங்களையும் அடிக்கிறான்"னுதான் வந்தாங்க. ஏற்கனவே ஒரு இடத்துல காட்டி, கோவத்துக்கு மாத்திரை ஆரம்பிச்சு, அதுல நாள் பூரா தூங்கி வழிஞ்சு, அப்புறம் டோஸை குறைச்சிருக்காங்க. இன்னொரு டாக்டர்தான், பேசத் தெரியாததாலகூட இருக்கும், ஸ்பீச் தெரபிஸ்ட்டப் பாருங்கன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அந்த சீட்டை எழுதுனவருக்கு ஒரு கும்பிடு, ஏன்னா நிறைய பேர் எழுத மாட்டாங்க.

மொதல்ல நாங்க கேட்டது, அவருக்கு ஏற்கனவே என்னென்ன சொல்லத் தெரியும்னு. அக்கா ஒரு நோட்டு போட்டு ரெண்டு வாரம் எழுதுனாங்க: என்ன சத்தம் வந்துச்சு, என்ன கை ஜாடை, எந்த நேரம், அதுக்கு வீட்ல என்ன பண்ணுனாங்க. வீட்டு ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு நாப்பது வார்த்தை இருந்துச்சு, வெளி ஆளுக்குப் புரியுறது அதுல கால்வாசி தேறும். தமிழ்ல சொன்னா ரெண்டு மூணு வேலைய சேத்து சொன்னாகூட செய்வாரு, "பாட்டில எடுத்து அப்பாகிட்ட குடுத்துட்டு கதவ சாத்து"ன்னா செஞ்சிடுவாரு. அதாவது உள்ள போறது நிறைய, வெளிய வர்றதுதான் கம்மி. டவுன் சிண்ட்ரோம்ல இது ரொம்ப சகஜம். நாக்கு, உதடு தசையில இறுக்கம் கம்மி, காதுல கேட்டதை மனசுல பிடிச்சு வெச்சிக்கிறதும் சிரமம், ஆனா கண்ணால பாத்ததை நல்லா பிடிச்சுப்பாங்க.

ஸ்கூல்ல குடுத்த சார்ட் ஒண்ண அம்மா பத்திரமா வெச்சிருந்தாங்க. லேமினேட் பண்ணது, ஓரமெல்லாம் மஞ்சளாகி இருந்துச்சு. பழம், காய், மிருகம், வண்டி, கலரு, எல்லாம் இங்கிலீஷ்ல. ஜெகன் அதுல எதைக் கேட்டாலும் டக்குன்னு காட்டுவாரு, ஜிராஃப், ரைனோ எல்லாம். அக்கா நோட்டுல ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு: கோவம் ஏற ஆரம்பிச்சா அவரே போய் அந்த சார்ட்டை எடுத்துட்டு வந்து வாழைப்பழத்து மேல விரல் வெப்பாரு, அம்மா வாழைப்பழம் குடுத்தா தூக்கி எறிவாரு. வீட்ல இதை அழும்புன்னு நெனச்சிருந்தாங்க. எனக்குப் பட்டது வேற. சின்ன வயசுலருந்து அந்த சார்ட்டைத் தொட்டா எல்லாரும் கை தட்டிருக்காங்க, ஏதோ சொல்லணும்னு வரும்போது கையில இருக்கற ஒரே சாமான் அதுதான், அதுல அவர் சொல்ல வந்தது இல்ல, அவ்வளவுதான். "வலிக்குது" இல்ல, "நிறுத்து" இல்ல, "வேற" இல்ல, "யாரு" இல்ல. வேணாம்னு சொல்ல அவர்கிட்ட இருந்த ஒரே வழி தரையில உக்காந்துடறது, ரோட்டு நடுவுலன்னாலும் சரி.

படத்தைத் தொட்டுப் பேசுற போர்டு கீர்டெல்லாம் அப்புறம், மொதல்ல உடம்பைப் பாருங்கன்னு அனுப்பினோம். ஏதாவது மாறுச்சுன்னா எல்லாத்தையும் "அவங்க அப்படித்தான்"னு குறைபாட்டு கணக்குல எழுதிடற பழக்கம் ஆஸ்பத்திரிலயும் இருக்கு வீட்லயும் இருக்கு, அதனால நிஜமான வியாதி கண்ணுக்கே தெரியாம போயிடும். அவர் அடிச்சிக்கிறது எப்பவும் வலது கன்னம் மட்டும்தான், இது நோட்டுல தெளிவா இருந்துச்சு. டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்களுக்கு பல் சொத்தையவிட ஈறு நோய்தான் ஜாஸ்தி வரும், பல் டாக்டர் பாத்தப்ப வலது பக்கம் கடைவாய்ல ஈறு சீழ் வெச்சிருந்துச்சு. காது டெஸ்டுல ரெண்டு காதுலயும் லேசா கேக்கும் திறன் குறைவு, செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கட்டியிருந்தது, இதுவும் இவங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். தைராய்டு மட்டும் நார்மல்.

ஈறுக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்ச கொஞ்ச நாள்ல கன்னத்துல அடிச்சிக்கிறது பெரும்பாலும் நின்னுடுச்சு. இதுக்கு கிரெடிட் பல் டாக்டருக்குத்தான், எங்க போர்டுக்கு இல்ல, இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நம்ம ஃபீல்டுல கேஸ் எழுதும்போது நல்லது நடந்ததெல்லாம் தெரபி கணக்குல சேந்துடும். எங்க கேள்வி அதுக்கப்புறம்தான் வருது: அடுத்த தடவ வலிச்சா எப்படி சொல்லுவாரு?

பாஷை பஞ்சாயத்து

ஸ்கூல்ல சேத்தப்ப ஒரு அட்வைஸ் குடுத்திருக்காங்க, ரெண்டு மூணு பாஷை கேட்டா குழம்பிடுவான், வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு. பெங்களூர்ல தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அட்வைஸ் எவ்வளவு கிடைக்குதுன்னு கணக்கே இல்ல. அப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், அம்மாவுக்கு சுத்தமா வராது. விளைவு என்னன்னா, அம்மா அவர்கிட்ட "கம், ஈட், சிட், நோ" தவிர வேற எதுவும் பேசாம பல வருஷம் ஓட்டிருக்காங்க. நாள் முழுக்க கூடவே இருக்கறவங்க வாய மூடிக்கிட்டா பிள்ளைக்கு பாஷை எங்கருந்து வரும்? கனடாவுல எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் கூட இருந்தவங்களும் 2005ல போட்ட ஆய்வுல, ரெண்டு பாஷையில வளர்ற டவுன் சிண்ட்ரோம் பசங்க ஒரே பாஷையில வளர்றவங்கள விட இங்கிலீஷ்ல பின்தங்கலன்னுதான் வந்துச்சு. அதை அம்மாகிட்ட எங்களால முடிஞ்ச மாதிரி சொன்னோம். "அப்ப நான் தமிழ்ல பேசலாமா"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு ட்ரெய்னிங்கே தேவைப்படல, பூ கட்டிட்டே பேசித் தள்ளிட்டாங்க.

அப்பாவோட சந்தேகம் வேற. "படத்தைக் காட்டிப் பழகிட்டான்னா வாயே தொறக்க மாட்டான் மேடம்." நியாயமான பயம்தான். மில்லர், லைட், ஷ்லாஸர் மூணு பேரும் 2006ல பழைய ஆய்வுகளைத் திரட்டி 27 பேரோட விவரத்தைப் பாத்தாங்க, படம், ஜாடை, மிஷின் மாதிரி வழிகளால ஒருத்தருக்குக்கூட பேச்சு குறையல, 89 சதவீதம் பேருக்கு கூடியிருக்கு, மிச்சப் பேருக்கு இருந்தது இருந்தபடி. கூடுனதும் பல பேருக்கு கொஞ்சம்தான், அதையும் சொல்லிட்டோம். நம்பினாரான்னா இல்ல, சரி பாப்போம்னாரு.

என்னென்ன வார்த்தை

நாம ஒரு நாளைக்குப் பேசுறதுல ஏறக்குறைய 80 சதவீதம் சில நூறு வார்த்தைக்குள்ளயே சுத்தி வரும்பாங்க, இது இங்கிலீஷ்ல எடுத்த கணக்கு. அந்த வார்த்தையில பழமும் மிருகமும் கிட்டத்தட்ட கிடையாது. போ, வா, இன்னும், போதும், அது, எங்க, வேற, இந்த மாதிரிதான். ஆனா இங்கிலீஷ் லிஸ்டை எடுத்து அப்படியே தமிழ் போட்டா போர்டு நொண்டும். தமிழ்ல வந்தேன், வந்தான்னு ஆளு வினையிலயே ஒட்டிட்டு வந்துடுது, அங்க தனித்தனி கட்டம் பிடிக்கிற குட்டி வார்த்தைங்க பாதி இங்க தேவையே படாது. அதனால அக்கா நோட்டுலருந்தே எடுத்தோம், ஜெகன் எங்கெங்க மாட்டிக்கிறாரோ அந்த இடத்துக்கு வேண்டிய வார்த்தை. மொதல் பக்கத்துல போனது: வேணாம், போதும், இன்னும், நிறுத்து, வேற, வலிக்குது, ஹெல்ப், போலாம், எங்க, யாரு, பிடிக்கல, அப்புறம், அது என் சாமான். எல்லாம் வீட்டுப் பேச்சுல. படத்தைத் தொட்டா பேசுற ஃபோன் ஆப்புல 'வேண்டாம்'னு எழுதினா நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்லும், 'வேணாம்'னு டைப் பண்ணா வீட்டு ஆளு மாதிரி இருக்கும்.

படத்துக்கு ஸ்பெயின்ல அரகோன் அரசாங்கம் ஓசியில குடுக்கற அராசாக் படங்கள எடுத்தோம். ஆளுக்கும் இடத்துக்கும் மட்டும் நிஜ போட்டோ: கோயில் கோபுரம், ஏரி, பேக்கரி, ஆட்டோ ஸ்டாண்ட். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் தமிழ், அதுக்குக் கீழ சின்னதா கன்னடம், ஏன்னா பேக்கரிக்காரரும் டாக்டரும் படிக்கணும்ல. ரெண்டாவது பக்கம் முழுக்க அவரோட சொந்த விஷயம். இங்க ஒரு கூத்து. ஜெகன் தினம் சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டுல போய் நிப்பாரு, அவங்க கிரிக்கெட் பேசுவாங்க, இவரு சிரிச்சிட்டே நிப்பாரு, அவ்வளவுதான். அவருக்கு என்ன வார்த்தை வேணும்னு நாங்க யோசிச்சதைவிட அந்த அண்ணன்மாரைக் கேட்டதுல கிடைச்சது ஜாஸ்தி: சிக்ஸ், அவுட்டு, கோலி போட்டோ, "ஈ சலா கப் நம்தே" (இந்தத் தடவ கப் நமக்குத்தான்னு ஆர்சிபி ரசிகர்கள் போடற கோஷம்), மச்சா, டீ சொல்லு. 26 வயசு ஆளுக்கு இதுதான் வொகாபுலரி. இன்னமும் அவருக்கு வாத்து படம் காட்டிட்டு இருந்தா அவரு தூக்கி எறியத்தான் செய்வாரு.

மூணாவது பக்கம் உடம்பு. அவரோட முழு போட்டோவையே பெருசா பிரிண்ட் போட்டு, அதைத் தொட்டு இடம் காட்டுறது, பக்கத்துல 'கொஞ்சம்', 'ரொம்ப' ரெண்டே கட்டம். ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் மார்க் போடச் சொல்ற ஆஸ்பத்திரி ஸ்கேல் இவருக்கு ஆகாது. வலி வர்றப்ப சொல்லிக்குடுக்க முடியாதுங்கறதால மத்தவங்க வலியில பழக்குனோம், அப்பா முட்டி, அம்மா விரல்ல நாரு அறுத்தது, எங்கன்னு கேட்டு அவரு அவங்க உடம்புல காட்டணும். அதே பக்கத்துல அந்தரங்க உறுப்புகளும் "தொடாத", "யாரு" ரெண்டும் இருக்கு. இதுக்கு அம்மா ரொம்ப சங்கடப்பட்டாங்க, எங்க சென்டர்ல இருக்கற ஆம்பள ஸ்டாஃப் ஒருத்தரும் அப்பாவும் சேந்துதான் சொல்லிக்குடுத்தாங்க. அறிவுசார் குறைபாடு இருக்கறவங்க மேல அத்துமீறல் நடக்கற ஆபத்து மத்தவங்களவிட ஜாஸ்தி, நடந்ததைச் சொல்ல வார்த்தையே குடுக்காம விட்டா செஞ்சவனுக்குத்தான் வசதி. இந்தப் பக்கத்தை 'இப்ப வேணாமே'ன்னு தள்ளிப்போடற குடும்பங்கள்கிட்ட நான் கொஞ்சம் பிடிவாதமாவே இருப்பேன்.

வீட்ல நடந்தது

போர்டைக் குடுத்துட்டு "காட்டு, காட்டு"ன்னு கேக்கறது டெஸ்ட் வெக்கிற மாதிரி. நாம பேசும்போது நாமளே அதைத் தொட்டுத் தொட்டுப் பேசணும், அவரு பாக்கணும், பதில் வந்தா வருது, இல்லன்னா போகுது. குழந்தைக்கு பேச்சு எப்படி வருதோ அதே வழிதான். கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணணும், இது எல்லாருக்கும் கஷ்டம், அக்காவுக்கு ரொம்பவே கஷ்டம், மூணு எண்றதுக்குள்ள அவங்களே பதில் சொல்லிடுவாங்க.

அம்மாவுக்கு ரெண்டு கையும் பூவுல. எப்படி தொடறது? அவங்களே வழி கண்டுபிடிச்சாங்க. கூடைக்குப் பக்கத்துல செவுத்துல போர்டை ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க, கனகாம்பரத்தைக் கட்டிட்டே, முழங்கையால ஒரு இடி இல்லன்னா கையில இருக்கற நார்க்கட்டையால ஒரு தட்டு, "போதும்... இன்னும்... அப்புறம்"னு. கொஞ்ச நாள்ல 'அப்புறம்' கட்டத்து மேல பச்சை கறை படிஞ்சிடுச்சு, அந்த வீட்ல எந்த வார்த்தை ஜாஸ்தி புழங்குதுன்னு தனியா டேட்டா எடுக்க வேண்டியதே இல்ல. அம்மா ஏற்கனவே பண்ணிட்டிருந்த கை ஜாடைகளையும் அப்படியே வெச்சுக்கிட்டோம். இங்கிலாந்துல 1970கள்ல ஆரம்பிச்ச மகடான் மாதிரி முறையில பேச்சோட சேத்து முக்கியமான வார்த்தைக்கு மட்டும் ஜாடை காட்டுவாங்க, அதையேதான் இந்த அம்மா பேரு தெரியாம பண்ணிட்டு இருந்தாங்க.

ஃபோன் ஆப் சரிப்படல. சென்னையில உருவான ஆவாஸ் தமிழ்ல இருக்கு, ஐஐடி பாம்பே பண்ண ஜெல்லோ இலவசமாவே கிடைக்குது, ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, ஆனா ஜெகனுக்கு ஃபோன்னா யூட்யூப். ஆப்பைத் தொறந்தா மூடிட்டு பாட்டுக்குப் போயிடுவாரு. பேப்பர் போர்டு ஒண்ணு செவுத்துல, கையடக்கமா இன்னொண்ணு கழுத்துல கயிறு போட்டு. மழையில நனையும், ஓரம் பிரியும், சார்ஜ் மட்டும் தீராது.

மொதல்ல அவரு எடுத்துக்கிட்டது 'வேணாம்'. எதுக்கெடுத்தாலும் வேணாம், குளிக்க வேணாம், சட்டை வேணாம், தோசை வேணாம், கேக்காத கேள்விக்கும் வேணாம். இருபத்தஞ்சு வருஷத்து பாக்கியை வட்டியோட தீர்த்தாருன்னுதான் சொல்லணும். அப்பா கொதிச்சுட்டாரு: "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன் மேடம், நாளைக்கு மாத்திரையும் வேணாம்பான்." இங்க நாங்க வெச்ச ஏற்பாடு, வேணாம்னு சொல்லக்கூடிய விஷயத்துக்கு வேணாம்னா அது வேணாம்தான், கெஞ்சறது மிரட்டறது கிடையாது. மாத்திரை மாதிரி விட முடியாததுக்கு வேணுமா வேணாமான்னு கேக்கவே கூடாது, மோர்லயா தண்ணியிலயா, இப்பவா டீக்கு அப்புறமான்னு கேக்கணும். வேணாம்னு சொல்லக் கத்துக்குடுத்துட்டு அதை மதிக்கலன்னா, அவரு திரும்ப தரையிலதான் உக்காருவாரு, அது ஏற்கனவே வேலை செஞ்ச வழி. ஒரு ரெண்டு மாசத்துல வேணாம் மழை ஓஞ்சுது, தோசை வேணாம்னா 'வேற'ன்னு அடுத்த கட்டத்துக்கு கை போக ஆரம்பிச்சுது. ரோட்ல உக்காரறது ரொம்பக் குறைஞ்சுது, பஸ் ஸ்டாப்புல மட்டும் இன்னும் நடக்குது.

உடம்புப் பக்கம் வேலை செஞ்சது ஒரு ராத்திரி. எழுந்து வந்து அம்மாவை எழுப்பி தன் போட்டோவுல காதைத் தொட்டு 'ரொம்ப'ன்னு காட்டிருக்காரு, அடிக்கல, கத்தல. காலையில டாக்டர்கிட்ட போனா காதுல இன்ஃபெக்ஷன், அங்க கன்னட டாக்டருக்கும் அதே போர்டைக் காட்டினாரு, அவரு கீழ இருந்த கன்னடத்தைப் படிச்சுட்டு நேரா ஜெகன்கிட்டயே கேள்வி கேட்டாரு. அக்காவுக்கு இதுலதான் ஆச்சரியம், இதுவரைக்கும் எந்த டாக்டரும் அவனைப் பாத்துக் கேட்டதே இல்லைன்னாங்க.

இப்ப எங்க நிக்குது

ஆரம்பிச்சு ஒரு வருஷம் தாண்டிடுச்சு. போர்டுல அவராவே தொடறது ஒரு எழுபது எண்பது கட்டம், ரெண்டு கட்டம் சேத்துத் தொடறது அப்பப்ப வருது. வாய்ப்பேச்சும் கூடியிருக்கு, 'அப்பம்' (அப்புறம்), 'வேய' (வேற) இதெல்லாம் இப்ப வாய்லயே வருது. அப்பா சமாதானமானது அதுலதான், ஆய்வுல இல்ல. அதே அப்பாவை ஒரு நாள் மாட்டியும் விட்டுட்டாரு, டாக்டர் நிறுத்தச் சொன்ன பீடியை வாசல்ல பிடிச்சதை, அப்பா போட்டோவைத் தொட்டு வாயில ரெண்டு விரல் வெச்சு அம்மாகிட்ட சொல்லிட்டாரு. எனக்கு இது காது வலியவிட முக்கியமா படுது. கேக்கறதும் மறுக்கறதும் தாண்டி, அங்க இல்லாத ஒருத்தருக்கு நடந்து முடிஞ்ச விஷயத்தை சொல்லிருக்காரு. இருந்தாலும் நேத்து, போன வாரம்னு பழசை சொல்றது இன்னும் கைக்கு வரல, அக்கா தினம் ஃபோன்ல எடுக்கற ரெண்டு மூணு போட்டோவை ராத்திரி உக்காந்து பாத்து அதை வெச்சுப் பழக்குறோம்.

ஆகாததும் இருக்கு. தொழில் பயிற்சி கொடுக்கற ஒரு இடத்துல சேத்தோம், பேப்பர் கவர் ஒட்டற வேலை, ஜெகனுக்கு பிடிச்சிருக்கு. அங்க போனா போர்டை கழட்டி பைக்குள்ள வெக்கச் சொல்றாங்க, கை வேலையைக் கெடுக்குதாம், மத்த பசங்க பிடிச்சு இழுக்கறாங்களாம். கண்ணு தெரியாதவர்கிட்ட தடியை வாங்கி வெச்சுக்குவீங்களான்னு கேட்டேன், பேச்சு சூடாயிடுச்சு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கம்யூனிகேஷன்னா என்னன்னு சொல்ற இடத்துலயே எளிய மொழி, ஜாடை, படம், பேச்சுக்குப் பதிலான மாற்று வழி எல்லாத்தையும் சேத்துத்தான் எழுதியிருக்காங்க. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் ஜெகனைப் பத்தின ஒரு பக்க அறிமுகத்தோட சேத்து குடுத்திருக்கோம்: நான் எப்படி வேணாம் சொல்லுவேன், வலது பக்கம் நின்னு பேசுங்க அந்தக் காது கொஞ்சம் நல்லா கேக்கும், கேள்வி கேட்டா பத்து எண்ணுங்க, நான் பெரிய ஆளு என்னைக் கொஞ்சாதீங்க. டேபிள்ல ஒட்டிக்கிற மாதிரி எட்டு கட்டத்துல சின்ன போர்டு ஒண்ணு பண்ணித் தர்றோம், அதையாச்சும் வெச்சுக்கோங்கன்னு கேட்டிருக்கோம், இன்னும் பதில் வரல.

அடுத்த வேலை அக்கா கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஓசூர். அக்கா போனா இந்த நோட்டு, போட்டோ, போர்டை மாத்தறது எல்லாம் யார் பாக்கறதுன்னு ஒரு பக்கம், அக்கா எங்க போனாங்கன்னு ஜெகன் கேக்கறதுக்கு வழி இருக்கணும்னு இன்னொரு பக்கம். மாப்பிள்ளை போட்டோ, அந்த வீட்டு போட்டோ, ஓசூர் பஸ், 'ஞாயித்துக்கிழமை வருவாங்க', 'கோவமா இருக்கு' இதெல்லாம் போர்டுல ஏத்தியாச்சு. வாசல்ல எதிர்வீட்டுப் பையன் பியூசி (நம்ம ஊரு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாதிரி) படிக்கிறான், ஜெகனோட கிரிக்கெட் பாக்கறவன், போர்டு பிரிண்ட் எடுக்கறதை அவன் பாத்துக்கறேன்னு சொல்லிருக்கான், அடுத்த தடவ போறப்ப அவனுக்கு ஃபைலை எப்படி மாத்தறதுன்னு காட்டிக் குடுக்கணும்.